உடைசலுக்கு ஒன்று

டைல்ஸ் ஒட்டுகிறவன் வீட்டுச் சமையலறைச் சுவர், வெள்ளிக்கிழமைதோறும் அவன் மனைவிக்கு ஒரு புதிர் போட்டது. மாலை ஐந்து மணி சுமாருக்குச் சுண்ணாம்பின் உள்ளிருந்து எட்டுக்கு எட்டுக் கட்டம் கசிந்து வரும். மேலேயும் இடப்பக்கமும் எண்கள். அந்த வரிசையில் அடுத்தடுத்து எத்தனை கட்டங்களுக்குக் கரி பூச வேண்டும் என்பதை எண் சொல்லும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் பம்பரமோ மரமோ தெரியும். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், வந்ததும் வராததுமாகச் சுவர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "இங்க ஏழு. இருக்கறதே எட்டுக் கட்டம். எந்தப் பக்கம் தொடங்கினாலும் நடுவுல ஆறு கறுப்புதான்" என்று சுவரிடமே சொல்வாள். அரை மணியில் முடித்துவிட்டு, படுக்கப்போகும் வரை அதைப் பற்றியே பேசுவாள். காலையில் சுவர் வெறுமையாக இருக்கும்.

அதற்கு முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை அவனுடையது. கொல்லைப் படியில் இருவரும் டீ குடிப்பார்கள். இப்போது தனியாக உட்கார்ந்து, உள்ளே அவள் சிரிப்பதைக் கேட்டு வயிறெரிந்தான். இரண்டு மாதம் பொறுத்தான். பிறகு சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ் ஒட்டினான். அந்த வாரம் எண்கள் டைல்ஸ் மேலேயே வந்தன. கட்டங்கள்தான் தயாராக இருந்தனவே. "வசதியா போச்சு" என்றாள் மனைவி. கூட வேலை பார்க்கும் மச்சினன், "எதிராளிக்குப் புதுச் சட்டை தைச்சுக் குடுத்துட்டீங்க மாமா" என்றான்.

ஒரு திங்கட்கிழமை அவனே தாளில் ஒரு புதிர் போட்டான். படம், டீ டம்ளர். நெடுக்கு எண்களை எழுதும்போது, உடையப்போவதற்கும் சேர்த்துக் கடையில் டைல்ஸ் கேட்கிற பழக்கத்தில், உடைசலுக்கு ஒன்று கூடிப்போனது. மறுநாளிலிருந்து அவள் படியில் அவன் பக்கத்தில் அமர்ந்து போட்டாள், அழித்தாள், டீ குடித்தாள், மறுபடி போட்டாள். வெள்ளிக்கிழமை சுவரில் எண்கள் வந்து நின்றன. அவள் எழுந்து போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையாகியும் அவை அழியாமல் காத்திருந்தன.

அன்றைக்கு அவனுக்கே மனசு கேட்கவில்லை. குறுக்கு எண்களும் நெடுக்கு எண்களும் ஒரே கூட்டுத்தொகை வர வேண்டும். கூட்டிப் பார்த்தான்.

"கணக்கு உதைக்குது. தப்பு என்னோடது."

"தெரியும். முதல் நாளே கூட்டிட்டேன். குறுக்க முப்பது, நெடுக்க முப்பத்தொண்ணு."

"அப்புறம் எதுக்கு இத்தனை நாளு?"

"முடிச்சிட்டா எந்திரிச்சுப் போகணும்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை சுவர் போட்டதிலும் ஒன்று கூடியிருந்தது. சுவருக்கும் பொறாமை வந்துவிட்டது என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. அன்றிலிருந்து அதன் கணக்கு ஒரு வாரமும் சரியாக வந்ததில்லை. அவள் உள்ளேயிருந்து எண்களை உரக்கப் படிப்பாள். அவன் படியில் இருந்தபடியே கூட்டுவான். உதைத்ததும் இரண்டு டம்ளரில் டீயை ஊற்றுவான்.