ஆறு மணி வரை காவல்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு முதல் ஆறு வரை வீட்டில் இருந்தவர்கள்:

அப்பா, கட்டிலில்.
ஜேம்ஸ் அங்கிள், கட்டிலை ஒட்டிய நாற்காலியில்.
சபீனா, பாத்திரம் தேய்க்க வந்தவள், இரண்டரை வரை.
நான், அடுத்த அறையில், தூக்கத்தில்.

ஷெர்லி இதை அடக்கத் திருப்பலி அட்டையின் பின்பக்கம் எழுதி, இரண்டாவது பெயரின் கீழ் கோடு போட்டாள். கூடத்தில் அப்பா கிதியோன் பெட்டிக்குள் படுத்திருந்தார். அவரைச் சுற்றி ஏழு கிழவர்கள் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்துக்குப் பின்னால் தன் கையைக் கொண்டுபோக முடிந்தவர் அவர்களில் யாருமில்லை. ஒருவர் நாடாவை இன்னொருவர் முடிந்துவிட்டார்.

மெட்டுகுடாவில் இவர்களை நைட்ஸ் என்றுதான் சொல்வார்கள். புனித மவுரீசு வீரர் சபை என்பது முழுப்பெயர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒரு வெள்ளைக்கார ஃபோர்மேன், பழைய காலத்துக் குதிரை வீரர்களின் விதிகளைப் பத்தாகச் சுருக்கி, தமிழ் ஃபிட்டர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ரயில் பெட்டியின் ஸ்பிரிங் பட்டையை அறுத்துத் தீட்டி ஆளுக்கொரு வாள் செய்துகொண்டார்கள். குதிரை யாரிடமும் இருந்ததில்லை. சைக்கிள் இருந்தது. விதிகளில் சில: பொய் சொல்லக்கூடாது. பெண்களைச் சிரமப்படுத்தக்கூடாது. கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கக்கூடாது. சாகக் கிடக்கும் வீரனைத் தனியாக விடக்கூடாது. காவலில் உட்கார்ந்தவன் மாற்றாள் வரும்வரை எழக்கூடாது.

அப்பாவின் இதயம் வீங்கிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நைட்ஸ் முறை வைத்துக் காவலுக்கு வந்தார்கள். கொண்டாப்பூரில் ஷெர்லிக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுப் படுப்பாள். மாலை ஆறு மணிக்கு அலாரம். ஆறிலிருந்து வேலைக்குக் கிளம்பும்வரை அவள்தான் மாற்றாள்; இரவுக்கு வேறொரு கிழவர்.

செவ்வாய்க்கிழமை அலாரம் அடித்து வெளியே வந்தபோது ஜேம்ஸ் எழுந்து நின்று, "கிதியோன் போயிட்டான்மா" என்றார். அவ்வளவுதான். ஏழரைக்கு வந்த அண்ணன் ஃபிரெடி, உயிர் போன நேரம் ஐந்து ஐம்பது என்றான். டாக்டரும் அதையே எழுதினார். ஆனால் மாடிவீட்டு நந்தகுமார், ரிட்டயர்டு கம்பவுண்டர், ஃபிரெடிக்கு முன்பே வந்து தாடையைத் துணியால் கட்டப் பார்த்தார். அது ஏற்கெனவே விறைத்திருந்தது. "ஏம்மா, இவ்ளோ லேட்டாவா பாத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் அவளை விடவில்லை.

பின்வாசலில் சபீனா நின்றிருந்தாள்.

"நேத்து நீ போகும்போது ஜேம்ஸ் அங்கிள் இருந்தாரா?"

"ஹவ் பாஜி, ஆமா. உக்காந்திருந்தார். நான் பாய்னு சொன்னேன், தலை ஆட்டினார்."

"அவர் செருப்பு வாசல்ல இருந்துச்சா?"

"செருப்பா?" சபீனா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "போய்க் கொஞ்சம் படுங்க பாஜி."

ஃபிரெடி அவளை ஓரமாக இழுத்தான். ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். யாரையும் ஓரமாக இழுத்துத்தான் பேசுவான்.

"எல்லாரையும் போலீஸ் மாதிரி கேட்டுட்டிருக்கியாம். கைக்கு? எதுக்கு இதெல்லாம்?"

"அவர் அங்க இல்லண்ணா. எங்கயோ போயிட்டு ஆறுக்கு வந்து நின்னிருக்கார். அப்பா தனியாத்தான் போயிருக்கார்."

"இன்னும் அரை மணி நேரத்துல பெட்டிய மூடணும். நீதான் பதில் சொல்லணும், தெரியுமில்ல? ஒரே கூரைக்குக் கீழ இருந்தவங்கதான் சொல்லணும்னு விதி."

தெரியும். பெட்டி மூடுவதற்கு முன் கடைசிக் காவலில் இருந்தவன், "நான் இருந்தேன்" என்பான். வீட்டார், "நாங்கள் அறிவோம்" என்று சொன்னால்தான் வாள் இறந்தவனின் மார்பில் ஏறும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் மகன் வாயைத் திறக்கவில்லை. வாள் ஏறவில்லை. அன்று காவலில் இருந்தவர் அதற்குப் பிறகு கோயில் பக்கமே வரவில்லை. ஜேம்ஸுக்கும் அதையே செய்வதாக ஷெர்லி காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

அவர் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"நேத்து இருந்தீங்களா அங்கிள்?"

"இருந்தேன்மா."

"அப்பா எத்தன மணிக்குப் போனார்?"

"ஃபிரெடி எழுதியிருக்கானே."

"அவன் வந்ததே ஏழரைக்கு. அஞ்சம்பதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லல. எப்ப அங்கிள்னு கேட்டான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, அஞ்சம்பது இருக்குமான்னு அவனே கேட்டுக்கிட்டான். நான் பேசாம இருந்தேன். பேசாம இருக்கறது பொய் இல்ல."

"அது எத்தனாவது விதி?"

அவர் டம்ளரை மேடையில் வைத்தார். கொஞ்சம் டீ சிந்தியது. அதை விரலால் துடைத்தார்.

"மூணு பத்துக்குப் போனான்."

"நீங்க எங்க போயிருந்தீங்க?"

"எங்கயும் போகல. கையப் புடிச்சிட்டு இருந்தேன்."

அவர் போயிருந்தார் என்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஷெர்லி யோசித்து வைத்திருந்தாள். இதற்கு ஒன்றும் யோசித்திருக்கவில்லை.

"ரெண்டே முக்காலுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. எந்திரிக்கப் பாத்தேன். உன் கதவக் காட்டி, வேணாம்னு கையாட்டினான். நான் வந்த ஒடனேயே என்கிட்ட வார்த்த வாங்கிட்டாம்மா. புள்ள ராத்திரி பூரா முழிச்சுட்டு வருது, என்ன ஆனாலும் எழுப்பக்கூடாதுன்னு."

"அவர் சொன்னது இருமலுக்கு அங்கிள். சாவுக்கு இல்ல."

"அப்படிப் பிரிச்சுச் சொல்லல."

"சரி. மூணு பத்துக்கு அப்புறம்?"

"காவல்ல இருக்கேன். மாத்தாள் ஆறுக்குத்தான்."

"பத்தடி. பத்தடிதான் அங்கிள். உக்காந்த எடத்துலருந்து கூப்பிட்டிருந்தாக்கூடக் கேட்டிருக்கும்."

"கூப்பிட்டா நீ எந்திரிச்சிருப்பியே" என்றார்.

அவர் முகத்தில் தந்திரம் எதுவும் இருக்கிறதா என்று அவள் தேடினாள். சவரம் செய்யாத கன்னம், சிவந்த கண், மேலுதட்டில் டீ. மூன்று மணி நேரம் செத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கொசுவைக்கூட அடிக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். நடுவில் அவள் ஒரு முறை தண்ணீர் குடிக்க எழுந்திருந்தால்கூடப் போதும். அவள் எழவில்லை. நன்றாகத் தூங்கினாள். வெகுநாட்களுக்குப் பிறகு அப்படித் தூங்கினோம் என்று எழுந்ததும் நினைத்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"பேச முடியல. கதவையே பாத்துட்டிருந்தான்."

வெளியிலிருந்து ஃபிரெடி கதவைத் தட்டினான்.

கூடத்தில் ஃபாதர் ஜெபத்தை முடித்துவிட்டுத் தள்ளி நின்றார். நைட்ஸின் தலைவர் ஜோனத்தன், எண்பத்தொரு வயது, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த வீரனின் கடைசிக் காவலில் இருந்தவர் யார்?"

"நான் இருந்தேன்" என்றார் ஜேம்ஸ்.

எல்லோரும் ஷெர்லியைப் பார்த்தார்கள். ஃபிரெடி தொண்டையைச் செருமினான். வாளை ஏந்தியிருந்தவரின் மணிக்கட்டு இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர் ஒரு கை கொடுத்துத் தாங்கினார். ஜேம்ஸ் தரையைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடி, விரல்களை அங்கியின் ஓரத்தில் நேராக வைத்து நின்றார். ஜோனத்தன் கேள்வியை மறுபடி கேட்கலாமா என்று தாளில் தேடினார்.

"நான் அறிவேன்" என்றாள் ஷெர்லி.

தாளில் 'நாங்கள் அறிவோம்' என்று இருந்தது. ஜோனத்தன் ஒரு கணம் தயங்கிவிட்டு, பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார். வாளை அப்பாவின் மார்பில் வைத்தார்கள். அது சற்றுச் சாய்ந்தது. அவள் குனிந்து நேராக்கினாள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது வெயில் இறங்கிவிட்டது. ஃபிரெடி குடும்பத்தோடு ராமச்சந்திராபுரம் போய்விட்டான். காலையில் வருவதாகச் சொன்னான். அடக்கம் முடித்து வரும் பெண் தனியாக வீடு திரும்பக்கூடாது என்று ஜேம்ஸ் ஆட்டோவில் கூடவே வந்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். அவள் தண்ணீர் கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தார்.

"நாளைக்கும் வந்து உக்காரட்டுமாம்மா? நீ பகல்ல தூங்கும்போது வீட்ல ஒரு ஆள் இருந்தா…"

"நக்கோ அங்கிள், வேணாம்."

"சத்தமே போட மாட்டேன்."

"தெரியும்."

அவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. அவள் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். அவள் சாத்தினாள்.

படியில் இறங்கும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. அவர் இறங்குகிறாரா, வாசலிலேயே காவல் நிற்கிறாரா என்று கதவில் காது வைத்தாள். கேட்கவில்லை.

மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினாள்.