சப்பரம் திரும்பும் மூலை

கோயம்புத்தூர் பட்டறைக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் பதினோரு கேள்விகள் இருந்தன. வண்டிக்கு என்ன நிறம், மெத்தை எவ்வளவு தடிமன், அடுப்பு ஒன்றா இரண்டா என்பதற்கெல்லாம் வெங்கிட்டு இரண்டு நாள் யோசித்து, பெங்களூரில் இருக்கும் மகள் அதிதியிடம் ஃபோனில் கேட்டு, அடித்துத் திருத்தி எழுதினார். பத்தாவது கேள்விக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. வண்டி வீட்டுக்கு வரும் வழியில் மிகக் குறுகலான இடத்தின் அகலம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். ஆறடி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை அளந்து பார்ப்போம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. பஜனை மடத்துச் சப்பரம் சரியாக ஆறடி. வருஷா வருஷம் சாஸ்தா பிரீதியன்று ஐயப்பன் படத்தைச் சுமந்துகொண்டு அது சந்து முழுக்க வலம் வருகிறது. நாற்பது வருஷமாக அதற்கு முன்னால் ஜால்ரா தட்டிப் பாடிக்கொண்டு போகிறவர் சாட்சாத் வெங்கிட்டுதான். சப்பரம் வருகிற சந்தில் ஒரு வண்டி வராதா என்ன?

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசிக் கிடங்குக்கும் மிளகுக் கிடங்குக்கும் நடுவில் நுழைகிறது அந்தச் சந்து. நேராகக் கொஞ்ச தூரம் போய், மிளகுக் கிடங்கின் பின்மூலையில் ஒரு திரும்பு திரும்பி, பதினேழு வீடுகளைத் தாண்டி, வெங்கிட்டுவின் வீட்டு முற்றத்தில் முடிகிறது. அதற்கு அப்பால் காயல்தான். அவருடைய காரே அரிசிக் கிடங்கு முற்றத்தில்தான் நிற்கும். ஆட்டோக்காரர்கள் சந்து முனையிலேயே இறக்கிவிட்டு, "சேட்டா, இனி நடந்நோ" என்று போய்விடுவார்கள். கேஸ் சிலிண்டர் தோளில் வரும். கட்டில், பீரோ எல்லாம் கழற்றித்தான் வரும்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்குத்தான் அவர் வண்டி வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து, பலாக்கொட்டையைப் பெரிதாக்கி இரண்டு சக்கரம் வைத்தாற்போல் இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை. பின்கதவை மேலே தூக்கினால் சமையல் மேடை, இரண்டு அடுப்பு, கை கழுவத் தொட்டி, அஞ்சறைப் பெட்டி வைக்கத் தனி மாடம். படுக்கைக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் உள்ள பலகையில் ஒரு சின்ன தள்ளுஜன்னல்.

எல்லாம் ஸ்வர்ணலதாவுக்காக. அவருடைய மனைவி வெளியே சாப்பிடமாட்டாள். அதில் இன்னார் இனியார் என்ற பேதமே கிடையாது. தன் சொந்த அத்தை வார்த்த தோசையையே தொடாதவள். பாத்திரம் அவள் கையால் தேய்த்ததாக இருக்க வேண்டும், தண்ணீர் அவள் பிடித்ததாக இருக்க வேண்டும். ஹோட்டல் கட்டிலா? 'யார் யாரோ புரண்ட மெத்தை, கஷ்டகாலம்!' என்று காதைப் பொத்திக்கொள்வாள். குருவாயூருக்குப் போனால் பட்டினியாக அன்றைக்கே திரும்பிவிடுவாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் இருவரும் ஓர் இரவுகூட வெளியூரில் சேர்ந்து தங்கியதில்லை.

வெங்கிட்டுவுக்கு ஒரே ஓர் ஆசை. ஒருமுறை ஆபீஸ்காரர்களோடு கன்னியாகுமரி போயிருந்தார். கொச்சிக்காரர்களுக்குக் கடலில் சூரியன் விழத்தான் தெரியும். அங்கே அது கடலுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. பக்கத்தில் மானேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஐயோ, ஸ்வர்ணம் இல்லையே என்று அந்த நிமிஷம் அவர் ஏங்கிப் போனார். இருபத்தாறு வருஷமாக அந்த ஏக்கம் போகவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போய் அதைப் பார்க்க வேண்டும். சூரியோதயம் பார்க்க வேண்டுமானால் முதல் நாள் இரவு அங்கே தங்கியாக வேண்டும். அதற்குத்தான் இந்த வண்டி.

படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னபோது, "பெட்டிக்குள்ள படுத்துக்க நான் என்ன கோழியா?" என்று கேட்டாள். பிறகு, "வரட்டும், பார்க்கலாம்" என்றாள். ஸ்வர்ணலதாவின் அகராதியில் அதற்கு அர்த்தம் 'நடக்காது' என்பது. வெங்கிட்டு மனம் தளரவில்லை. வண்டி முற்றத்தில் வந்து நின்றுவிட்டால், நாலு நாளில் வீட்டில் இன்னொரு அறை மாதிரிப் பழகிவிடும், அப்புறம் மெல்லக் கிளப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு வண்டி வந்தது. பட்டறை டிரைவர் அதைத் தன் ஜீப்பிலிருந்து கழற்றிவிட்டுச் சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க ஐயா, ஆறடின்னு எழுதிக் குடுத்தீங்களே, அது இதுதானுங்களா?"

"இதேதான். தள்ளுங்கோ, ஒண்ணும் ஆகாது."

பின்பக்கம் முன்னால் போகும்படி வண்டியைத் திருப்பி, டிரைவரும் வெங்கிட்டுவும் கிடங்குக் காவல்காரரும் தள்ளினார்கள். வெண்ணெய் மாதிரிப் போயிற்று. வெங்கிட்டு டிரைவரைப் பார்த்து, "எப்படி?" என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். அடுத்த நிமிஷம் மிளகுக் கிடங்கின் மூலையில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். வலப்பக்கச் சக்கரத்தின் மூடி மூலைக்கல்லில் சிக்கிக்கொண்டது. இடப்பக்கப் பின்முனை எதிர்ச்சுவரில் போய் முட்டியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. டிரைவர் பாவம், பையிலிருந்து டேப்பை எடுத்து மூலையை அளந்தார். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு.

"அதெப்படி? சப்பரம் வருமே!" என்றார் வெங்கிட்டு. அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

அரிசிக் கிடங்கில் லாரி இறக்கிக்கொண்டிருந்த சுமைத் தொழிலாளிகளின் தலைவர் இசக்கிதுரை, தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷமாக மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்குகிறவர். வருஷா வருஷம் சப்பரம் தூக்குவதும் அவருடைய ஆட்கள்தான். நிலைமையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"சாமி, நீங்க முன்னால பாடிக்கிட்டே போவிய. பின்னால என்ன நடக்குன்னு என்னைக்காவது திரும்பிப் பாத்திருக்கியளா?"

"ஏன், என்ன நடக்கறது?"

"இந்த மூலைக்கு வந்ததும் சப்பரத்த ஒரு பக்கமாச் சாய்ச்சு, தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுல்லா திருப்புதோம்! ஐயப்பன் படத்த ஒருத்தன் தனியாக் கையில வாங்கிக்கிடுவான். நீங்க அந்நேரம் கண்ண மூடிக்கிட்டு உச்சத்துல பாடிக்கிட்டு இருப்பிய."

நாற்பது வருஷம்! வெங்கிட்டு அசடு வழிய நின்றார். ஐயப்பன் நாற்பது வருஷமாக அந்த மூலையில் கைமாறிக்கொண்டிருந்திருக்கிறார். ஊருக்கே தெரிந்த சங்கதி, பாகவதருக்கு மட்டும் தெரியவில்லை.

"கவலப்படாதிய. பாதி லாரி இறக்கியாச்சு. மிச்சத்தையும் முடிச்சுட்டு பத்துப் பேரா வாரோம். சப்பரத்தத் தூக்குன மாதிரி தூக்கி வீட்டு வாசல்ல வச்சிருதோம்" என்று சொல்லிவிட்டு இசக்கிதுரை போனார்.

அதற்குள் சந்து அடைபட்டுப் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் உள்ளே, வெளியே இருந்தவர்கள் வெளியே. காலேஜுக்குக் கிளம்பிய மாளவிகா அந்தப் பக்கம் நின்று, "வெங்கிட்டு மாமா, எனக்குப் பரீட்சையாக்கும்!" என்று கத்தினாள். பிறகு செருப்பைக் கழற்றி இந்தப் பக்கம் எறிந்துவிட்டு, வண்டிக்கு அடியில் தவழ்ந்து வெளியே வந்து, சிரித்துக்கொண்டே ஓடினாள். மீன்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இது எந்தா சாதனம்?" என்று கேட்டார். பலாக்கொட்டை என்று யாரோ சொல்ல, அப்போதே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"ஏன்னா!"

வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல்.

"ஸ்வர்ணம், ஒண்ணுமில்லை. கொஞ்சம் இடிச்சுண்டு நிக்கறது."

"கொஞ்சமா? சந்தையே அடைச்சு வெச்சிருக்கேள்! அளந்து பார்க்க மாட்டேளா? எட்டு மணிக்கு நாலு பேர் வேலைக்குப் போக வேண்டாமா? எனக்கு மானம் போறது!"

எல்லாம் போச்சு என்றே நினைத்தார் வெங்கிட்டு. முற்றத்தில் அலங்காரமாக வந்து நின்றிருந்தாலே அவள் மனசு இளகுவது கஷ்டம். இனி இந்தப் பலாக்கொட்டையைக் கண்ணால் பார்க்கச் சம்மதிப்பாளா? கன்னியாகுமரி இந்த ஜன்மத்தில் கிடையாது என்று நினைக்கும்போது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வண்டியின் இடப்பக்க முன்கதவை இழுத்தார்; அது அரைவாசிதான் திறந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் உள்ளே நுழைந்து, புது மெத்தையில் மண்டியிட்டு, தள்ளுஜன்னலைத் திறந்தார். அவளுக்கு நேரில் மன்னிப்புச் சொல்லிவிடலாம் என்று உத்தேசம். ஆனால் ஜன்னலுக்கு அப்பால் வெளிச்சமாக இருந்தது. பின்கதவு ஏற்கெனவே மேலே தூக்கப்பட்டிருந்தது. ஸ்வர்ணலதா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல் மேடையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மேடையில யாராவது சமைச்சிருக்காளா?" என்று கேட்டாள். கோபம் குரலில் அப்படியே இருந்தது.

"இல்லை. பட்டறையிலேர்ந்து நேரா வர்றது. ஓட்டிண்டு வந்தவர் வழியில டீக்கடையிலதான் சாயா குடிச்சாராம்."

"மெத்தையில?"

"இப்போ நான்தான் முட்டி போட்டிருக்கேன்."

"காலை அலம்பிண்டேளோ இல்லையோ?"

அவர் பாதங்களை மெல்ல மெத்தையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டார். அவள் அடுப்பைத் திருகிப் பார்த்தாள். நீலமாக எரிந்தது. அணைத்தாள். மறுபடி ஏற்றினாள். அஞ்சறைப் பெட்டி மாடத்தைத் திறந்து மூடினாள். தொட்டிக் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வெங்கிட்டு அந்தச் சின்ன ஜன்னல் வழியே அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிஷத்தில் குடத்தில் தண்ணீரும், ஒரு கூடையில் வாணலி, ரவை, பால், டிக்காக்‌ஷன் எல்லாமும் எடுத்துக்கொண்டு வந்தாள். "அத்தனை ஆம்பளைகள் காலங்கார்த்தால மூட்டை தூக்கிட்டு நம்ம வண்டியையும் தூக்கப் போறா. வெறும் வயத்தோடயா தூக்குவா?" என்று தள்ளுஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். நம்ம வண்டி என்றாள். அதை அவள் கவனித்தாளோ என்னவோ, வெங்கிட்டு கவனித்தார்.

கடுகு வெடித்தது. கறிவேப்பிலை மணம் மிளகுக் கிடங்கு வாசனையோடு கலந்து சந்து முழுக்கப் பரவியது. அடைபட்டு நின்றவர்களெல்லாம் சுற்றிக் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு சங்கரி, "மாமி, அடுப்பு உசரம் கொள்ளாம், நன்னாயிருக்கு! முதுகு வலிக்கல்லையே?" என்று கேட்டாள். "இல்லைடி, நம்மாத்து மேடையைவிட இதுதான் குனியாம நிக்கப் பாகம்" என்றாள் ஸ்வர்ணலதா. தள்ளுஜன்னல் வழியே ஒரு டம்ளர் காப்பி உள்ளே வந்தது. "மெத்தையில சிந்தினேள்னா தெரியும்" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

வெங்கிட்டு மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காப்பியை உறிஞ்சினார். ஜன்னலுக்கு அப்பால் ஸ்வர்ணலதா இன்னொரு டம்ளரில் தனக்கும் ஊற்றிக்கொண்டாள். நடுத்தெருவில், பத்துப் பேர் நடுவில், நின்றுகொண்டே குடித்தாள். அவர் மூச்சுவிடவே பயந்தார். ஏதாவது பேசினால், வெளியே நின்று குடிப்பது அவளுக்கு நினைவு வந்துவிடப் போகிறதே!

ஒன்பது மணிக்கு இசக்கிதுரை பத்துப் பேரோடு வந்தார். வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உப்புமாத் தட்டுகள் ஒவ்வொன்றாகத் தள்ளுஜன்னல் வழியே நுழைந்து, வெங்கிட்டுவின் கைமாறி, இந்தப் பக்கக் கதவால் வெளியே போயின. தின்று, கை கழுவி, துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஐந்து பேர் வண்டிக்கு அடியில் தவழ்ந்து உள்பக்கம் போனார்கள். வெங்கிட்டு வெளியே இறங்கினார். ஸ்வர்ணலதா பாத்திரங்களையெல்லாம் கூடையில் எடுத்து வைத்துப் பின்கதவை இறக்கினாள்.

"சாமி, ஒரு சாய்ப்பு சாய்ச்சோம்னா உள்ள போயிரும். ஆனா கவனமாத் திருப்பணும். நேரா முற்றத்துலயே கொண்டுபோயி வச்சிருதோம். என்ன, தூக்கலாமா?" என்று கேட்டார் இசக்கிதுரை.

"தூக்கிடலாம், தூக்கிடலாம்" என்றார் வெங்கிட்டு.

"இருங்கோ" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "எதுக்கு உள்ள கொண்டுபோகணும்?"

எல்லோரும் திரும்பினார்கள். மிளகுக் கிடங்கின் பின்வாசற்படியில் ஏறி நின்று, வண்டியின் கூரைக்கு மேலாக ஸ்வர்ணலதா எட்டிப் பார்த்தாள். நெற்றியில் வியர்வை. கையில் கரண்டி.

"உள்ள கொண்டு வெச்சா, அப்புறம் வெளிய எப்படி எடுக்கறதாம்? நாம கிளம்பறப்போ எல்லாம் இவா பத்துப் பேரும் வந்து தூக்கணுமா? பெரிசா ப்ளான் போட்டாராம், போட்டார்! வெளிய இழுத்து அப்படியே காரோட மாட்டச் சொல்லுங்கோ."

வெங்கிட்டுவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "கிளம்பறதா? எங்கே?"

"எங்கேன்னு என்னைக் கேக்கறேளா? இருபத்தாறு வருஷமா ராத்திரி பகல் பார்க்காம கன்னியாகுமரி, கன்னியாகுமரின்னு என் காதைப் புண்ணாக்கினது யாரு? இப்போ கிளம்பினாத்தான் இருட்டறதுக்கு முன்னால அங்கே போய்ச் சேரலாம். நான் போய் ஆத்தைப் பூட்டிண்டு வரேன்."

சொல்லிவிட்டு அவள் படியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். வெங்கிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். கண்ணில் நீர் தளும்ப, அதைத் துடைக்கவும் தோன்றாமல், வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் அவர் தோளைத் தொட்டு, "ஐயா, ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றார்.

இசக்கிதுரை சும்மாட்டைச் சரி செய்துகொண்டு கேட்டார். "சாமி, முடிவாச் சொல்லுங்க. உள்ளயா, வெளியவா?"

"வெளிய" என்றார் வெங்கிட்டு. "வெளியதான். தூக்குங்கோ."