வெள்ளியங்கிரிக்குப் பின்னால் ஒரு கமா

1

"ஏனுங்க்கா, செத்துப்போனவங்களுக்கு லைப்ரரி கார்டு தருவாங்களா?"

"தர மாட்டாங்க. ஏன் கேக்கறே?"

"தந்துட்டாங்க."

1999 செப்டம்பரில், அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில், எங்கள் அபார்ட்மென்ட் சமையலறையில் நடந்த பேச்சு இது. இந்த மூன்று வரிகளுக்கு மேல் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை என்று அன்று நினைத்தேன். கேட்டவள் சண்முகப்ரியா. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அந்த ஆகஸ்ட் வரை எங்கள் மேல்மாடியில் குடியிருந்தாள். பிறகு கணவன் செழியனோடு வேறு ஊரில் வீடு வாங்கிக்கொண்டு போனாள்.

கைப்பையிலிருந்து கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெள்ளியங்கிரி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அவள் மாமனார். இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். என் கதைகளில் மாமனார்கள் முதல் பாதியில் முரண்டு பிடிப்பார்கள், கடைசி அத்தியாயத்தில் இளகுவார்கள். செத்த பிறகு லைப்ரரியில் சேர மாட்டார்கள். அதனால் இதை எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் நாலு தடவை ஆரம்பித்தேன். மூன்றை உங்களுக்குக் காட்டுகிறேன்.

2

சண்முகப்ரியா புது வீட்டுக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு கேக்கும் ஒரு கிழவியும்— [கிழவி என்றால் ப்ரியா கோபிப்பாள்.]

அந்த ஊரில் எல்லோரும் நல்லவர்கள், பிரச்சினையே அதுதான்— [இப்போதே பயமுறுத்தப் பார்க்கிறேன். வேண்டாம்.]

ஆஷ்பிரிட்ஜுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. [கட்டுரை மாதிரி இருக்கிறது. இருந்தாலும் உண்மை இதுதான். இதையே வைத்துக்கொள்கிறேன்.]

ஆஷ்பிரிட்ஜ் என்பது நான் வைத்த பெயர். எங்கள் வீட்டிலிருந்து ஐம்பது நிமிட டிரைவ். ஒரு காலத்தில் பீங்கான் ஃபேக்டரி இருந்த ஊர். ஃபேக்டரி மூடியதும் பிள்ளைகள் டெக்சாஸுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போய்விட்டார்கள், பெற்றவர்கள் தங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு ஏழே குழந்தைகள். தீயணைப்புப் படையில் மிக இளையவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இப்படியே போனால் ஊர் என்ற பெயரே போய்விடும் என்று பயந்து, அவர்கள் ஒரு வரவேற்புக் குழு அமைத்தார்கள். நம் ஆட்கள் போகும் மளிகைக் கடைகளில் பருப்பு மூட்டைக்கு மேலே நோட்டீஸ் ஒட்டினார்கள்: எங்கள் ஊருக்கு வாருங்கள்.

செழியனும் ப்ரியாவும் போனார்கள். பெரிய தோட்டம், மேப்பிள் மரம், அமைதியான தெரு.

ஊர் எல்லையில் ஒரு பலகை உண்டு. மக்கள்தொகை எண்ணைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒருவர் இறந்தால், ஒருவர் வந்தால், கையால் மாற்றுவார்கள். இவர்கள் வீடு பார்க்க வந்த அன்று 2,111 என்று இருந்ததாம். குடிவந்த மறுவாரம் 2,114.

"நாங்க ரெண்டு பேருதானுங்க்கா" என்றாள் ப்ரியா.

3

காரணம் ஒரு கமா. நம்மைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

செழியன் ஊரில் வெ. செழியன். அமெரிக்காவில் இனிஷியல் என்பது செல்லாது, குடும்பப் பெயர் வேண்டும். அப்பா பெயரை அங்கே போட்டான். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். ஆகவே ஆபீசிலும் பேங்கிலும் அவன் மிஸ்டர் வெள்ளியங்கிரி. வரவேற்புக் குழு கொடுத்த படிவத்தில், வீட்டில் இருப்பவர்கள் யார் என்ற இடத்தில், விசா படிவங்கள் நிரப்பி நிரப்பிப் பழகிய கையால் எழுதினான்: வெள்ளியங்கிரி, செழியன். அதற்குக் கீழே: சண்முகப்ரியா.

குழுவின் தலைவி டாரதிக்கு எண்பத்தொரு வயது. கேக்கோடு வந்தவர் படிவத்தைப் பார்த்து, வெள்ளியங்கிரி யார் என்று கேட்டார். "என் மாமனாரோட பேரு" என்றாள் ப்ரியா, ஆங்கிலத்தில். டாரதிக்கு மாமனார் என்பது மட்டும் கேட்டது. மிகவும் சந்தோஷப்பட்டாராம்.

அந்த ஊரில் வயதானவர்களுக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்கு டாரதியிடமிருந்து ஒரு போன் வரும். எடுத்தால் உயிரோடு இருக்கிறார்கள். எடுக்காவிட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். மறுநாளிலிருந்து ப்ரியா வீட்டுக்கும் வந்தது.

"மிஸ்டர் வெள்ளியங்கிரி எப்படி இருக்கிறார்?"

கணவனைத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். நல்லா இருக்கார் என்றாள். நல்லா தூங்கினார், வாக்கிங் போயிருக்கார், இட்லி சாப்பிட்டார். மூன்று வாரம் இப்படியே. லைப்ரரி கார்டு தபாலில் வந்த அன்றுதான் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. அதற்குள் ஆஷ்பிரிட்ஜில் அவருக்கு மூன்று வார வாழ்க்கை சேர்ந்துவிட்டது.

(இதுவரை படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள் என்றால், நாங்களும் சிரித்தோம். என் காபி புரையேறியது.)

4

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கதையின் ஓட்டத்தில் இதற்கு இடமில்லை, எங்கேயாவது செருக வேண்டும்.

அவர்கள் புது வீட்டுக்கு நான் முதல் தடவை போனபோது செழியன் கதவைத் திறந்து, ஹாய் அக்கா என்று சொல்லிவிட்டு டிவிக்குத் திரும்பிவிட்டான். உள்ளிருந்து ப்ரியா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, அக்காவ வாங்கன்னு கேட்டீங்களா இல்லியா?"

"அதான் வந்துட்டாங்கல்ல."

"கேக்காம எப்படி வருவாங்க? வாங்க்கா, வாங்க, வாங்க."

சென்னைக்காரியான எனக்கு இது புதிது. நாங்கள் வாங்க என்று சொல்வோம். அவர்கள் ஊரில் அது சொல்வதில்லை, கேட்பது. ஒரு வீட்டில் வாங்கன்னு கேட்கவில்லை என்றால் சொந்த அண்ணன் தம்பிகூடப் பத்து வருஷம் வாசல் மிதிக்க மாட்டார்களாம்.

5

இப்போது செழியன் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அதாவது, பாத்திரமாக.

அவனைக் கல்நெஞ்சக்காரனாக எழுதினால் கதை சுலபம். அப்பாவை அழைத்துக்கொள்ளாத மகன்— [அழித்துவிட்டேன். அவன் அப்படி இல்லை.] கிரீன் கார்டு பேப்பர்கள் பாதியில் இருந்தன. வெளியே போனால் திரும்ப வர முடியாது என்றார் வக்கீல். அப்பாவின் காரியத்துக்கே அவனால் போக முடியவில்லை. வீடியோ கேசட் அனுப்பினார்கள். அதை இன்னும் பிரிக்கவில்லை. வீட்டை ஒழித்த சித்தப்பா பீரோவில் ஒரு பாஸ்போர்ட் இருந்ததாகச் சொன்னார். புத்தம் புதிது. யாரிடமும் சொல்லாமல் அப்பா தானாகவே போய் எடுத்திருக்கிறார்.

அவர் உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வது ப்ரியாதான். மகன் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுத்துவிடுவான். வைக்கும் நேரத்தில் மாமனார் ஆரம்பிப்பார்.

"ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன்..."

இவள் உடனே, "மாமா, போன் கார்டு முடியப்போவுதுங்க" என்பாள்.

"செரி, ஒண்ணுமில்ல கண்ணு. அப்பறம் பேசிக்கலாம்."

மூன்று வருஷம். ஒவ்வொரு ஞாயிறும்.

"கார்டுல நிமிஷம் இருக்குமுங்க்கா" என்றாள் ப்ரியா என்னிடம். "இங்க வரட்டுமான்னுதான் கேப்பாருன்னு நெனச்சேன். கேட்டுட்டா இல்லைன்னு சொல்லோணுமே, அதுக்குத்தான்."

6

டாரதியிடம் உண்மையைச் சொல்வதை ப்ரியா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். அக்டோபர் முதல் வாரத்தில் டாரதி அவள் வீட்டுக்கு வந்தார். போனில் கேட்கச் சங்கடமாக இருந்ததாம்.

"கண்ணு என்றால் என்ன?" என்றார்.

ப்ரியாவுக்குப் புரியவில்லை.

"நீ கடைக்குப் போகும் நாட்களில் உன் மாமனாரே எடுக்கிறார். மெதுவாகப் பேசுவார். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒண்ணுமில்ல கண்ணு என்று சொல்லிவிட்டு வைப்பார். அது என் பெயரா?"

அன்று இரவு ப்ரியா அலமாரியிலிருந்த லைப்ரரி கார்டைத் திருப்பிப் பார்த்தாள். தபாலில் வந்தபோது பின்பக்கம் காலியாக இருந்தது. இப்போது நீல மையில் தமிழ்க் கையெழுத்து. வெள்ளியங்கிரி. முதல் ள-வுக்குப் புள்ளி இல்லை. ரேஷன் கார்டிலும் நிலப் பத்திரத்திலும் அவர் அந்தப் புள்ளியை வைத்ததே கிடையாது.

நான் பார்த்தேன். [பார்த்தேன் என்பதை அடித்துவிட்டு, பார்த்ததாகச் சொன்னாள் என்று மாற்றினேன். மறுபடி பழையபடி ஆக்கிவிட்டேன். பார்த்தேன்.]

7

என் வாசகிகளுக்குப் பிடித்த முடிவு ஒன்று கையில் இருக்கிறது. செழியன் பள்ளிக்கூட நாட்களில் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை அப்பாவைவிட நன்றாகப் போடுவானாம், புள்ளி இல்லாமல். ஆக, கையெழுத்து அவனுடையது. காலையில் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ப்ரியா கடைக்குப் போனதும் திரும்பி வந்து, அப்பா குரலில் போன் எடுத்தவனும் அவனே. அப்பா இந்த ஊரிலாவது உயிரோடு இருக்கட்டும் என்று. ஒருநாள் ப்ரியா அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். இருவரும் அழுகிறார்கள். அந்த கேசட்டைச் சேர்ந்து பார்க்கிறார்கள். முற்றும்.

எனக்கும் பிடித்திருந்தது. எழுதியே வைத்திருந்தேன். ப்ரியாவிடம் போனில் படித்தும் காட்டினேன். செழியன் ரிசீவரை வாங்கி, "அக்கா, கையெழுத்து நானில்லீங்க. போட்டிருக்கலாமோன்னுதான் இப்ப தோணுது" என்றான்.

(ஆன்சரிங் மெஷின் இருந்திருக்குமே என்று கேட்பவர்களுக்கு: அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.)

8

இருவரும் டவுன் ஆபீசுக்குப் போனார்கள், பெயரை எடுக்கச் சொல்லி.

அங்கிருந்த அம்மாள் ஒரு தாளை எடுத்தார். "இரண்டு கட்டம்தான் இருக்கிறது. குடிபெயர்ந்தாரா, இறந்தாரா?"

"இறந்துட்டார்."

"அடடா. எப்போது?"

"போன வருஷம் ஜூலையில்."

"குடிவந்தது இந்த வருஷம் ஆகஸ்ட் என்று இருக்கிறதே."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, அன்பாகவே, "பரவாயில்லை. யோசித்து இருவரும் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுங்கள். நாங்கள் யாரையும் அவசரமாக அனுப்ப விரும்புவதில்லை" என்றாராம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவர்கள் கார் எங்கள் வாசலில் நின்றது. செழியன் லீவு போட்டிருந்தான். அந்தத் தாள் என் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. அவன் கையெழுத்து இருந்தது, அவளுடையது இல்லை.

"திங்கக்கெழம குடுத்துட்டா அப்பறம் அவரு எடுக்க மாட்டாருங்க்கா" என்றாள். "என்ன கேக்க வந்தாருன்னு எனக்குத் தெரியாமயே போயிரும். டாரதி ஆன்ட்டிய இன்னைக்குக் கூப்பிட வேண்டாம்னுட்டேன். நானே கூப்பிடறேன்."

"யாரை?"

"எங்க ஊட்டுக்குத்தான். ஊடு பூட்டியிருக்குதுங்க்கா. சாவி இவருகிட்ட."

செழியன் சாவியைக் காட்டினான். காட்ட வேண்டியிருந்ததே என்ற வெட்கம் முகத்தில் தெரிந்தது.

9

இது கடைசிப் பகுதி. இதற்கு மேல் எழுத மாட்டேன், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ப்ரியா என்ன பதில் சொன்னாள், திங்கட்கிழமை அந்தத் தாள் போய்ச் சேர்ந்ததா, ஊர் எல்லைப் பலகையில் இன்று என்ன எண் தொங்குகிறது என்றெல்லாம் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்களோ அதுதான் முடிவு. ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். ஆனால் உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணி. ப்ரியா என் சமையலறை போனில் தன் வீட்டு எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டேன். செழியன் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றான். அவனை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்தாவது பாதியில் நின்றது. ரிசீவரை எடுக்கும் சத்தம். இந்தியாவுக்குப் பேசும்போது இருக்கும் அந்த இடைவெளி, நாம் பேசியது கடலைத் தாண்டித் திரும்புகிற அளவு நேரம், ஐம்பது நிமிட தூரத்து வீட்டில்.

"யாரு, ப்ரியாவா?"

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தம் ஒன்று கீழே விழுந்தது. செழியனின் தோள் பட்டிருக்க வேண்டும்.

"ஆமாங்க மாமா."

"நல்லா இருக்கறியா கண்ணு? ஊரு நல்ல ஊருதான். ஆளுக்கொரு காயிதம் போட்டிருக்கறாங்க. அந்தம்மா தெனமும் கூப்புடுது." இடைவெளி. "ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன்..."

ப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் கார்டு முடியப்போகிறது என்று சொல்லவில்லை.

"கேளுங்க மாமா."

"நான் கேக்கறதில்ல கண்ணு. நீதான் கேக்கோணும். ஊரே வா வான்னு கூப்புடுது, வந்துட்டேன். வாசல்ல நிக்கறேன். ஊட்டுக்காரங்க கேக்காம எப்படி உள்ள வர்றது? ஒரே ஒருக்கா, வாங்க மாமான்னு கேளு."