பெட்டிப் பத்திரி

விடியற்காலை சுபுஹு பாங்கு கேட்டபோது சைனபா முதல் அண்டா மாவைக் கிளறி முடித்திருந்தாள். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் வறுத்த அரிசி மாவைக் கொட்டி, மரத்துடுப்பால் அடிவரைக்கும் புரட்டிப் புரட்டித் தோள்பட்டை இற்றுப் போயிருந்தது. அது வேலையில் சேர்த்தியே இல்லை. இனிமேல்தான் வேலை. பத்திரி என்கிற மெல்லிய அரிசி ரொட்டிக்கு மாவைச் சூடு ஆறுவதற்குள் பிசைந்தாக வேண்டும். ஆறிப்போனால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். கையைப் பச்சைத் தண்ணீரில் முக்குவாள், மாவுக்குள் விடுவாள், உள்ளங்கை தாங்காதபோது எடுப்பாள், மறுபடி முக்குவாள். பதினோரு வருஷமாக இதே வேலை. விரல் நுனியில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. ரேஷன் கடை மிஷின் அவளை ஆள் என்றே ஒத்துக்கொள்வதில்லை.

கோழிக்கோடு வலியங்காடிக்குப் பின்னால், ஹோட்டல் கமரின் சமையல்கட்டில் அந்தக் கல்மேடையைச் சுற்றி நாலு பெண்கள் நின்ற காலம் உண்டு. ஒருத்தி பிசைவாள், ஒருத்தி உருட்டுவாள், ஒருத்தி தேய்ப்பாள், ஒருத்தி கல்லில் போட்டு எடுத்துத் தேங்காய்ப்பால் தொட்டு அடுக்குவாள். சாப்பிட வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பத்திரி கல்லில் விழும். போன நோன்பு முடிந்ததும் ஜம்ஷீர் முதலாளி ஒவ்வொருத்தியாக நிறுத்தினான், பரிமாறுகிறவர்களையும் குறைத்தான். மாவு அதே மாவுதானே, ஆள் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்பது அவன் கேள்வி. இப்போது சைனபா ஒருத்திதான். காலை பதினோரு மணிக்குள் அறுநூறு பத்திரி போட்டு ஒரு பெரிய எவர்சில்வர் பெட்டியில் அடுக்கி மூடி வைக்க வேண்டும். ராத்திரி கடை அடைக்கிறவரைக்கும் எல்லாத் தட்டுக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் போகும். விடியற்காலையில் வெந்தது சாயங்காலம் தட்டில் விழுந்தால் அதைப் பத்திரி என்று எப்படிச் சொல்வது?

பத்து நாளைக்கு முன்னால் அதைத்தான் ஷிபின் கேட்டான். ஊர் ஊராக, ஹோட்டல் ஹோட்டலாகப் போய்த் தின்று, ஃபோனைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதான் அந்தப் பையனுக்குப் பிழைப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு வந்திருந்தான். பத்திரியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான். அது வளையாமல் அப்படியே நின்றது. "இதுல லெட்டர் எழுதித் தபால்ல போடலாம்" என்றான். தண்ணீர் மூன்று தடவை கேட்டும் வரவில்லை என்றான். பதினோரு மேசைக்கும் பரிமாறுகிற பிரகாசன் ஒருவனே ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய படத்தில் பின்னால் நன்றாகவே தெரிந்தது. ஷிபின்தான் அதைப் பார்க்கவில்லை. "சாப்பாட்டுக்கு அரை மார்க்கு. சர்வீஸுக்கு அதுகூடக் கிடையாது" என்று சொல்லிக் கையைத் தட்டி முடித்தான். நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

மகளுடைய ஃபோனில் சைனபாவும் பார்த்தாள். அவன் பொய் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அன்றைக்கு அவளால் சோறு தின்ன முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஜம்ஷீர் அவளைக் கல்லாவுக்குக் கூப்பிட்டான்.

"சைனத்தா, அந்தப் பையன் நாளைக்குத் திரும்ப வர்றான். நான்தான் வரச் சொல்லியிருக்கேன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு. அவனுக்கு மட்டும் கல்லுலேர்ந்து நேரா நாலு பத்திரி. மத்த மேசைக்கெல்லாம் வழக்கம்போலப் பெட்டிலேர்ந்து."

"சரி."

"நீங்களே கொண்டாந்து வைக்கணும். வச்சிட்டு கேமராவைப் பார்த்து, அன்னிக்கு என் கவனக்குறைவு, மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

அவன் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "அப்புறம் உங்களுக்கு ரெஸ்ட்டு. தப்புப் பண்ணின ஆளை மாத்திட்டோம்னு நான் சொல்லியாகணும்ல? ஜனங்க அதைத்தானே கேக்குறாங்க."

வேலை போவது ஒரு பக்கம். சுமை தூக்கி இடுப்பு ஒடிந்த புருஷன் வீட்டில் கிடக்கிறான், மகள் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எப்படியாவது இன்னொரு ஹோட்டலில் போய்ப் பிசைந்து பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் கெட்டுப்போன பத்திரி போட்டவள் என்று முகத்தோடும் பேரோடும் நாலு லட்சம் ஃபோனில் ஏறிவிட்டால் இந்த ஊரில் எந்த ஹோட்டல், எந்தக் கல்யாண வீடு அவளைக் கூப்பிடும்? சைனபாவுக்கு நிலமில்லை, நகையில்லை. கைக்கு ஒரு பேர் இருந்தது. அதைத்தான் அவன் கேட்டான்.

இன்று காலை பத்து மணிக்குப் பின்கட்டுக் குழாயடியில் எல்லாரும் பால் விடாத கட்டன்சாயாவோடு கூடினார்கள். தட்டு கழுவுகிற ஜானு பிடித்துக்கொண்டாள்.

"சொல்லப் போறியா நீ?"

"சொல்லலேன்னா இன்னிக்கே வெளியே. சொன்னாலும் இன்னிக்கே வெளியே, ஜானேச்சி."

"அப்படின்னா எந்த மயிருக்குச் சொல்றது?"

பிரகாசன் தோள் துண்டை உதறினான். "அடுத்தது நான். தண்ணி குடுக்காத ஆளையும் மாத்திட்டோம்னு அடுத்த வாரமே ஒண்ணு வரும், பார்த்துக்கிட்டே இருங்க. பேசாம எல்லாரும் வேலையைப் போட்டுட்டு வாசல்ல போய் நிப்போம்."

"வாசல்ல நின்னா ஷட்டரை இழுத்து விட்ருவான்" என்றான் புரோட்டா அடிக்கிற ரஃபீக்குல். வங்காளத்து முர்ஷிதாபாத்திலிருந்து வந்து ஆறு வருஷம். "எங்க ரூம் பசங்க போன மாசம் ஒரு ஹோட்டல்ல அப்படித்தான் வெளியே நின்னாங்க. மறுநாள் வேற பசங்க உள்ளே நின்னாங்க."

பிரியாணி வேகிற பெரிய செம்புப் பானைக்குப் பக்கத்திலிருந்து குஞ்ஞுமோன் கையை ஆட்டினான். "என்னை இதுல சேர்க்காதீங்க. எனக்கு மூணும் பொண்ணு. பெருநாள் கழிஞ்சா மூத்தவளுக்கு நிக்காஹ்."

"யாரு உங்களை இழுத்தா, இக்கா?" என்றாள் ஜானு. "அசையாம அங்கேயே இருங்க. தம்மு போயிடப் போகுது."

குஞ்ஞுமோன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரியைக் கிளறினான். சைனபா அவனைக் குற்றம் சொல்லவில்லை. பயம் அவளுக்கும் இருந்தது. சாயாவைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாள்.

"வெளியே போக வேண்டாம்" என்றாள். "உள்ளே போவோம்."

"உள்ளேதானே இருக்கோம்?"

"இது பின்னாடி. நான் முன்னாடியைச் சொல்றேன். மேசையில போய் உக்காருவோம். காசு குடுத்துச் சாப்பிட வந்தவங்களை, அதுவும் கேமரா முன்னாடி, எழுந்து போன்னு எந்த முதலாளி சொல்லுவான்?"

ஜானுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "படைச்சவனே, பதினெட்டு வருஷமா அந்த நாற்காலியில நான் வச்சது துடைக்கிற துணிதான்."

"எல்லாரும் உக்காந்துட்டா யாரு பரிமாறுறது?" என்று பிரகாசன் கேட்டான்.

"அதைத்தான் அவன்கிட்டயும் கேக்கப் போறோம்."

ரஃபீக்குல் யோசித்தான். ஊருக்குப் பணம் போகாவிட்டால் அங்கே ஐந்து வயிறு காயும். டம்ளரைக் கீழே வைத்தான். "எனக்கு மட்டன் கறி" என்றான்.

பன்னிரண்டரைக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. ஷிபின் நடுமேசையில் ஃபோனைத் தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தான். ஜம்ஷீர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நின்றான். சைனபா நாலு பத்திரியைக் கல்லிலிருந்து எடுத்துப் பால் தொட்டுத் தட்டில் வைத்தாள். சின்ன வயசிலிருந்து எத்தனையோ ஆயிரம் போட்ட கைதான். கதவைத் தாண்டும்போது தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஷிபின் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். அந்தப் பக்கம் அவன் விரல் தெரிந்தது. "அடேயப்பா, இது பத்திரி!"

"இவங்கதான் சைனபா இத்தா" என்றான் ஜம்ஷீர், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "அன்னிக்கு நடந்ததுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு ஆசைப்படறாங்க."

சைனபா முந்தானையில் கையைத் துடைத்தாள். "அன்னிக்கு நீ தின்னது மோசம்தான் மோனே. நீ சொன்னதுல பொய்யில்ல."

ஜம்ஷீர் தலையாட்டினான்.

"அது எப்படி மோசமாச்சுன்னு நானும் தின்னு பாக்கணும்" என்று சொல்லி, அவள் பக்கத்து மேசை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "முதலாளி, நாலு பத்திரி, ஒரு மட்டன் கறி. பத்திரி பெட்டியிலேர்ந்தே போதும்."

அவன் குனிந்து பல்லைக் கடித்தான். "இத்தா, என்ன விளையாட்டு இது?"

அவள் பதில் சொல்வதற்குள் ஜானு ஈரக் கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ரஃபீக்குல் மாவு அப்பிய பனியனோடு வந்தான். கடைசியில் பிரகாசன் தோள் துண்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அமர்ந்தான்.

"பிரகாசா, எழுந்திரு! பத்து மேசை காத்துக்கிட்டு இருக்கு."

"பதினொண்ணு, முதலாளி. இதையும் சேர்த்துக்குங்க."

"யாருடா பரிமாறுவான்?"

"முன்னே பரிமாற என்கூட மூணு பேர் இருந்தாங்க. நம்பர் என்கிட்ட இருக்கு. கூப்பிடட்டுமா?"

யாரோ சிரித்தார்கள். ஜம்ஷீர் ஷிபினிடம் திரும்பி, "அதை நிறுத்து" என்றான். ஷிபின் தயங்கினான். தட்டைப் பார்த்தான், சைனபாவைப் பார்த்தான். காலையிலேயே ஜம்ஷீரிடம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பண உறை அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஃபோனை எடுத்து அணைத்தான்.

சைனபாவுக்குப் பகீர் என்றது. கேமராவை நம்பித்தானே இத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு வந்தாள்! ஜம்ஷீரின் வாயிலிருந்து 'இத்தா' என்கிற அக்கா முறையும் மரியாதையும் அந்த நொடியே கழன்று விழுந்தன.

"அஞ்சு நிமிஷம் தர்றேன். எழுந்து உள்ளே போ. இல்லேன்னா நாலு பேரும் வெளியே. நாளைக்கு விடியும்போது வேற கை அந்த மாவைப் பிசையும்."

சைனபாவின் கால் எழுந்துவிடப் பார்த்தது. பதினோரு வருஷப் பழக்கம். மேசைக்கடியில் ஜானுவின் ஈரக் கை அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தது. அவள் எழவில்லை.

மூன்றாவது மேசையில், சின்னப் பெண்ணோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு டீச்சர் தன் தட்டிலிருந்து ஒரு பத்திரியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஷிபினின் தட்டில் இருந்ததற்குப் பக்கத்தில் அதைப் போட்டாள். ஒன்று துணி மாதிரி மடிந்து கிடந்தது. மற்றது விறைத்து நின்றது.

"காசு ஒரே காசுதானே? அவருக்கு அது, எனக்கு ஏன் இது?" என்று ஜம்ஷீரைக் கேட்டாள்.

"ஒரு சின்ன... கிச்சன்ல ஆளு..."

"ஆளு இல்ல டீச்சர்" என்றாள் சைனபா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நாலு பேர் போட்ட பத்திரியை ஒருத்தி போடறேன். ஒருத்தியால கல்லுலேர்ந்து எடுத்து நேரா தட்டுக்குத் தர முடியாது. அதான் பெட்டி."

நீலச் சட்டை போட்ட சுமைதொழிலாளி ஒருவர் கை கழுவுமிடத்திலிருந்து சத்தமாகச் சொன்னார். "முதலாளி, அவங்க கேட்டதை முதல்ல வைங்க. நாங்க காத்திருக்கோம், ஒண்ணும் அவசரமில்ல."

கூடம் முழுக்க முதலாளியையே பார்த்தது. வேறு வழியில்லாமல் ஜம்ஷீர் உள்ளே போய்ப் பெட்டியைத் தானே தூக்கி வந்தான். வெள்ளைச் சட்டையில் மாவு அப்பியது. அவள் தட்டில் நாலு பத்திரியைப் போட்டான், மேசைக்கு மட்டன் கறியும் கொண்டுவந்து வைத்தான்.

சைனபா ஒன்றைப் பிய்த்தாள். கறியில் முக்கி வாயில் வைத்து மென்றாள். மெல்ல மெல்ல அழுகை வந்தது, கோபமும் வந்தது. பதினோரு வருஷத்தில் இந்த மேசையில் உட்கார்ந்து அவள் தின்கிற முதல் பத்திரி.

"அரை மார்க்கு ரொம்ப அதிகம்" என்றாள். "என்கூடப் பத்திரி போட்ட மூணு பேரையும் கூப்பிடுங்க. பிரகாசனோட ஆளுங்களையும் கூப்பிடுங்க. யார் முகத்தையும் படம் பிடிச்சு மன்னிப்பு கேக்க வைக்காதீங்க. அதுவரைக்கும் நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்போம்."

"போலீஸைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்க" என்றாள் ஜானு. "பாவம், அவங்களும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க."

ஜம்ஷீர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். யாரிடம் பேசினான் என்று தெரியவில்லை. கையை வீசி வீசிப் பேசினான். போலீஸ் ஜீப் வருமா, நாளைக்கு வேறு ஆட்கள் வருவார்களா, இன்று மாலை வீட்டுக்கு என்ன சொல்வது என்று நாலு பேருக்கும் தெரியாது. ரஃபீக்குல் மட்டும் தலை குனிந்து மட்டன் கறியைத் தின்றுகொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. சில வாடிக்கையாளர்கள் எழுந்து போனார்கள். டீச்சர் போகவில்லை. தண்ணீர்க் கூஜாவை எடுத்து மேசை மேசையாக ஊற்றத் தொடங்கினாள்.

அப்போது சமையல்கட்டுக் கதவு திறந்தது. குஞ்ஞுமோன் நின்றான். கையெல்லாம் கரி, நெற்றியெல்லாம் வியர்வை. முதலாளி நிற்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தான். சைனபா வேண்டாம் என்று தலையசைத்தாள். மூன்று பெண்கள் அவனுக்கு.

"செம்பை இறக்கிட்டேன்" என்றான் அவன். "அடுப்பை அணைச்சுட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காரு சைனபா."

பிரகாசன் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். குஞ்ஞுமோன் அதில் முழுசாக உட்காரத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் மேசைமேல் வைத்தான். பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டான். குரல் தெருவரைக்கும் கேட்டது.

"முதலாளி! இங்க இன்னும் ஒருத்தருக்கு!"