பெரிய ஓட்டையில் எடுத்த படம்

மனைவி அனிதா இறந்து ஒரு வருசம் திரும்பும்வரை எதையும் கேட்க வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தான் தரணீதரன். ராசப்பனும் கேட்கவில்லை. கணியூரில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு, மகளைப் பறிகொடுத்த மனுசன் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்.

கேள்வி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மூத்தவள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். இளையவள் சித்ரகலா இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு முப்பதுகூட ஆகவில்லை. உறவு விட்டுப்போகாமல் இளையவளையே கட்டிக்கொடுப்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. மாமா சரியென்றால் தனக்கும் சரிதான் என்று கலா சொன்னதாக மாமியார் செல்லாத்தாள் சொன்னாள். எந்த முகத்தோடு சொன்னாள் என்பதைச் சொல்லவில்லை.

தரணி முதலிபாளையத்தில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் பிலிம் எடுப்பவன். பனியனில் அடிக்கிற கரடி, பூ, இங்கிலீசு வாசகம் எதுவானாலும் முதலில் அவன் கையில் பிலிமாக வேண்டும். கறுப்பென்றால் கறுப்பு, வெள்ளையென்றால் வெள்ளை. ஓரம் ஒரு மயிரிழை மங்கினாலும் திரும்பி வந்துவிடும். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவனுக்கு அந்த வேலை ஒத்துப்போயிற்று. அனிதா போன பிறகு இன்னும் ஒத்துப்போயிற்று. யோசிக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் நகராது. அதற்காகத்தான் பல்லடத்தில் ஒரு ஸ்டூடியோக்காரர் மூலையில் போட்டிருந்த பெரிய மரக் கேமராவை வாங்கி வந்தான். மடிப்பு மடிப்பான தோல் துருத்தி நன்றாக இருந்தது, லென்ஸ் இல்லை. நூறு வருசத்துக்கு முன்னால், போட்டோவையும் ஓவியம்போல ஆக்க ஆசைப்பட்டவர்கள் வேண்டுமென்றே குறையுள்ள லென்ஸால் படம் எடுத்தார்கள் என்று கல்லூரி நூலகத்தில் படித்தது ஞாபகம் வந்தது. கண்ணாடிக் கடைக்குப் போய் ப்ளஸ் நாலு பவரில் ஒரேயொரு மூக்குக்கண்ணாடி வில்லை கேட்டான். எந்தக் கண்ணுக்கு என்று கடைக்காரர் கேட்டார். கேமராவுக்கு என்றதும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

நூல் சுற்றிவரும் அட்டைக் கோனை அறுத்து வில்லையை அதில் பொருத்தினான். கறுப்பு அட்டையில் வட்ட வட்டமாக ஓட்டை வெட்டி முன்னால் செருகினான். சின்ன ஓட்டை போட்டால் படம் ஓரளவு கூர்மை. பெரிய ஓட்டை போட்டால் வில்லையின் ஓரம்வரை வெளிச்சம் நுழையும். ஓரத்து வெளிச்சம் ஓரிடத்திலும் நடு வெளிச்சம் வேறிடத்திலும் போய்ச் சேர, படத்தின்மேல் இன்னொரு படம் பனியாகப் படியும். பிலிமுக்குக் குறைவில்லை, யூனிட்டில் மிஞ்சும் துண்டுகளே போதும். பிலிம் கழுவும் மருந்தில் தண்ணீரை நிறையக் கலந்தால் அந்த முரட்டுப் பிலிமும் சாம்பல் நிறத்துக்கு இறங்கி வந்தது.

முதல் படங்கள் உருப்படவில்லை. பெரிய ஓட்டையில் ஃபோகஸ் பார்த்துவிட்டுச் சின்ன ஓட்டைக்கு மாற்றினால் ஃபோகஸ் நகர்ந்துவிட்டது. எந்த ஓட்டையில் எடுக்கிறோமோ அதிலேயே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பல ஞாயிறுகள் போயின. பிரிண்ட் அடிக்கும் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிற மெஷ் துணியை லென்ஸுக்கு முன்னால் கட்டிப் பார்த்தான். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலுவை சிலுவையாக வந்தது. அவிழ்த்துவிட்டான். கிணற்றுத் திட்டு, வேப்பமரம், காயப்போட்ட போர்வை என்று எடுத்ததையெல்லாம் யூனிட்டில் கூட வேலை செய்யும் பழனிமுத்துவிடம் காட்டினான்.

"வாரம் பூரா ஊசிமொனையாட்ட எடுக்கற. ஞாயித்துக்கெழம மட்டும் ஏனப்பா கலக்கி வுடற?" என்றான் அவன்.

மாதம் ஒருமுறை தேங்காயும் பருப்புமாகச் செல்லாத்தாள் வருவாள். அருள்புரத்தில் ஒரு கார்மெண்ட்ஸில் மெர்ச்சண்டைசராக இருந்த கலாவும் அன்றைக்கு ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்ந்துகொள்வாள். அப்படி ஒரு ஞாயிறு, அம்மா காய் வாங்கப் போயிருந்த நேரத்தில், கொல்லையில் நின்ற கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்தாள் கலா. துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் பேசிப் பேசி அவளுக்கு எதையும் நோண்டிக் கேட்கிற பழக்கம். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டாள். பிறகு தானே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

சுடிதாரில் ஜிகினா வேலைப்பாடு. பெரிய ஓட்டையில் அது வெளிச்சமாக வழிந்துவிடும் என்றான். ஒரு சால்வை கேட்டாள். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான். தலைகீழாகத் தெரிந்தாள். முன்னும் பின்னும் நகர்த்தி, அவள் கண்ணில் ஒளிப்புள்ளி சரியாக விழும் இடம் வந்ததும் நிறுத்தினான். அங்கே அனிதா இருந்தாள். சாயல் என்று சொல்ல முடியாது, அவளேதான். நெற்றி, கன்னத்தின் சரிவு, சற்றுச் சாய்ந்த கழுத்து. கலாவின் பருத்தழும்பும் கோணல் புருவமும் பனிக்குள் கரைந்துபோய், இரண்டு பேருக்கும் பொதுவானது மட்டும் மிஞ்சியிருந்தது.

"மாமா, உள்ளயே தூங்கீட்டீங்களாட்ட?"

மூச்சை அடக்கச் சொல்லி மூடியை எடுத்து, எண்ணி, மூடினான். சின்ன ஓட்டையிலும் ஒன்று எடுக்கச் சொன்னாள் கலா. பிலிம் தீர்ந்துவிட்டது என்றான். தீரவில்லை.

அந்தப் படத்தைக் கழுவி, பிரிண்ட் போட்டு, மேசைமேல் சாய்த்து வைத்தான். யாருக்கும் காட்டவில்லை. சாப்பிடும்போது எதிரில் இருந்தது. இரண்டொரு வாரத்தில், மாமனாருக்குச் சரியென்று சொல்லிவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்தது.

வருசம் திரும்பிய நாளில் ராசப்பனும் செல்லாத்தாளும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். வாழையிலையும் பூவும் வாங்க தரணி கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது கூடத்தில் படையல் தயாராக இருந்தது. பலகைமேல், சுவரில் சாய்ந்தபடி, அவன் மேசையில் இருந்த அந்தப் படம். நெற்றியில் குங்குமம். மேலே மல்லிகைச் சரம். முன்னால் மடித்து வைத்த புதுச்சேலை.

செல்லாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் அனிதாவின் படம் ஒன்றுகூட மாட்டவில்லையே என்று வருசம் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டவள். கல்யாணப் படத்தில் மகளை மட்டும் வெட்டியெடுத்து ஸ்டூடியோவில் பெரிதாக்கலாம் என்றபோது மருமகன் ஒப்பவில்லை என்ற வருத்தம் வேறு.

"இப்பிடி ஒண்ணு வெச்சுக்கிட்டு ஏனுங்க மாப்ள சொல்லவே இல்ல? நேருல நிக்கறாளாட்ட இருக்குதுங்க."

உயிரோடிருக்கிற பெண்ணின் படத்துக்குப் பூச்சரம் போட்டிருக்கிறது. அது ஆகாது என்று பார்த்ததும் தரணிக்குத் தெரிந்தது. வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். அவன் இலையைக் கழுவி வைத்தான். கலாவைப் பெற்ற அம்மா அடையாளம் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள், அப்பா கும்பிட்டுக்கொண்டிருந்தார். இவர்களே அனிதா என்கிறபோது அனிதாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவனுக்கு. சூடத்தைக் கலா வந்ததும் ஏற்றலாம் என்றார் ராசப்பன்.

பர்மிசன் போட்டுவிட்டு வெயிலோடு வந்தாள் கலா. செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, கும்பிட்ட கையோடு உள்ளே நுழைந்தவள், பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். சால்வையைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். பிறகு தரணியைப் பார்த்தாள்.

"இது எந்த ஓட்டைங்க மாமா?"

"பெரிய ஓட்டை."

"அதாம் பாத்தேன்."

"என்ன ஓட்டைங்கறா இவ? அக்காவ உழுந்து கும்புடு கண்ணு" என்றாள் செல்லாத்தாள்.

கலா முகத்தில் கோபமில்லை. அவள் அம்மாவைப் பார்த்து, அந்தக் கண்ணீரைப் பார்த்து, மெதுவாகத் துப்பட்டாவை இழுத்துச் செருகினாள். ஒரு முழங்கால் தரையைத் தொட்டது. தன் படத்தின் காலடியில் அவள் விழப்போகிறாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். இன்றைக்கு மட்டுமல்ல, இந்த வீட்டுக்கு வாழ வந்தால் என்றைக்கும் சொல்ல மாட்டாள்.

"அத்தே, அது அனிதா இல்லீங்க" என்றான் தரணி. "கலா. நாந்தானுங்க எடுத்தேன்."

செல்லாத்தாளுக்கு விளங்க நேரமாயிற்று. படத்துக்கு அருகே குனிந்து பார்த்தாள். மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுநொடி பூச்சரத்தைப் பிய்த்து எறிந்தாள். படத்தைக் கவிழ்த்துப் போட்டாள். சமையலறைக்குள் ஓடினாள். உப்பும் மிளகாயுமாக வந்து, கலாவை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, தலையைச் சுற்றிச் சுற்றி இறக்கினாள். அடுப்பில் போட்ட மிளகாய் நெடி வீடு முழுக்க ஏறியது.

"போதும் வுடும்மா, இருமியே செத்துருவனாட்ட" என்றாள் கலா.

"அந்தப் பேச்சே பேசாத" என்று அவள் தோளில் ஓர் அடி வைத்தாள் செல்லாத்தாள். பிறகு அடித்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நெடி தாங்காமல் ஆண்கள் இருவரும் வாசலுக்கு வந்தார்கள். ராசப்பன் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஒரு வேன் பனியன் பீஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அது போகட்டும் என்று இருந்து, கேட்டார்.

"வருசம் முடிஞ்சுதுங்க மாப்ள."

"வேண்டாமுங்க மாமா."

"புள்ள மேல எதாச்சும்..."

"அவ மேல ஒரு கொறையும் இல்லீங்க. கட்டிக்கிட்டா நான் அவள அவளாப் பாக்கவே மாட்டேனுங்க. உள்ள பாத்தீங்கல்ல."

ராசப்பன் குச்சியைக் கீழே போட்டார்.

"வேற எடம் பாக்கறதுன்னா அவளையே ஒரு வார்த்த கேட்டுட்டுப் பாக்கோணும்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

உள்ளிருந்து கூப்பிட்டார்கள். வெறும் பலகைக்கு முன்னால் சூடம் காட்டிக் கும்பிட்டார்கள். இலை போட்டாயிற்று. முதல் இலை எப்போதும் மாப்பிள்ளைக்குத்தான். அன்று செல்லாத்தாள் தரணியைத் தாண்டிப் போய், கலாவின் இலையில் சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நெய்யும் விட்டாள். கலா கண்ணில் மிளகாய் நெடியோடு அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

தரணி தன் இலைக்குச் சோறு வரக் காத்திருந்தான். பசித்தது.