வார்டின் தாடை

நாய்கள் குரைக்கவில்லை. அதனால் லொரீனாவுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அவள் சம்மட்டியும் கையுமாக வேலி நட்டுக்கொண்டிருந்த மேட்டுக்குக் கீழே, ஓடைக்கரையில், தலையீத்துக் கிடேரி ஒன்று கத்திய கத்தலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரோ கொண்டுவந்து விட்டுப்போன நாய்கள், நான்கு. கன்று பாதி வெளியே வந்த நிலையில் அதன் முகத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தாயின் பின்தொடை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது.

சம்மட்டியை வீசினாள். ஒரு நாயின் முதுகு முறிந்து அங்கேயே சுருண்டது. மற்ற மூன்றும் ஓடைக்குள் பாய்ந்து மறைந்தன.

கிடேரி எழ முயன்றது, முடியவில்லை. கன்று செத்துவிட்டது. கண் பிதுங்கத் தாய் மூச்சிழுப்பதைப் பார்க்க முடியவில்லை. ஒரு தோட்டா போதும். ஆனால் கேன்சஸ் மாநிலத்தில் அந்த ஒரு தோட்டாவுக்கு அவளுக்கு உரிமை இல்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவள் புருஷன் செத்துப் பத்தாம் நாள், அவன் தம்பி வார்ட் லாரியோடு வந்து, பாதி மாடு தனக்கென்று ஏற்ற ஆரம்பித்தான். லொரீனா இரும்புக் கடப்பாறையால் அவன் முகத்தில் அடித்தாள். தாடை மூன்று இடத்தில் நொறுங்கியது. கம்பி போட்டுக் கட்டிய வாயில் ஆறு வாரம் உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்தான். அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சிறைக்குப் போகவில்லை, ஆனால் தண்டனை பெற்றவள் துப்பாக்கி தொடக்கூடாது என்று வீட்டிலிருந்த மூன்று துப்பாக்கிகளையும் ஷெரிஃப் எடுத்துப் போனார். அந்தக் குற்றப் பதிவை அழிக்கச் சொல்லி இப்போதுதான் மனுப் போட்டிருந்தாள். வியாழக்கிழமை விசாரணை.

சத்தம் கேட்டு வந்தவன் அதே வார்ட். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிலம். பிக்கப் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். மடியில் துப்பாக்கி.

"வார்ட், சுட்டுத் தொலைடா! துடிக்குது பாரு!"

"துப்பாக்கியத் தொட உனக்குச் சட்டம் இல்ல, அண்ணி," என்றான் கோணல் வாயால். "எனக்குத் தொட மனசு இல்ல."

"மாடு உனக்கு என்னடா பண்ணுச்சு?"

அவன் துப்பாக்கியைத் தொடவில்லை. வண்டியை எடுக்கவும் இல்லை.

லொரீனா சம்மட்டியை ஓங்கினாள். முதல் அடி வழுக்கிக் கொம்படியில் பட்டது. கிடேரி அலறியது. இரண்டாவது அடியில் கண் போனது. மூன்றாவதில்தான் மண்டை உடைந்தது. ரத்தம் அவள் வாய்க்குள்ளும் தெறித்திருந்தது. துப்பிவிட்டு நிமிர்ந்தபோது வார்ட் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

வியாழக்கிழமை நீதிமன்றத்துக்கு அடிபட்டவன் என்ற முறையில் அவன் ஆட்சேபத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தான். நீதிபதி கேட்டார்: "இவங்க கையில துப்பாக்கி இருந்தா உங்களுக்குப் பயமா?"

"பயம்தாங்க ஐயா. இன்னிக்கும் மெல்லும்போது தாடை சொடக்குப் போடுது." தாளைப் பிரித்தான். படிக்காமல் மடித்தான். "ஆனா போன திங்கக்கிழமை துப்பாக்கி என் மடியில இருந்துச்சு. ஒரு மாட்டைக் கொல்ல இவ மூணு அடி அடிச்சா. நான் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு மிருகம் நான்தான். அந்தப் பதிவ அழிச்சு விட்ருங்க."

நீதிபதி கையெழுத்திட்டார்.

வாசலில் லொரீனா அவனைத் தாண்டிப் போகும்போது சொன்னாள்: "நன்றி சொல்வேன்னு நெனக்காத."

"நான் கேக்கலையே. துப்பாக்கியோட என் வேலிப் பக்கம் மட்டும் வராத."

"நீ என் மாட்டுப் பக்கம் வராத."

துப்பாக்கிக் கடையில் படிவம் கொடுத்தார்கள். முன்பு தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தாள். பொய் சொல்வது போலிருந்தது. நான்கு நாள் காக்கவைத்து, பிறகு துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் விடியும்போதே நாய்கள் திரும்பி வந்தன. ஈன்று அரைமணி ஆகாத பசுவைச் சுற்றி வளைத்திருந்தன. முதல் குண்டில் முன்னால் நின்ற நாயின் கழுத்து பிய்ந்தது. இரண்டாவது குண்டு இன்னொன்றின் நெஞ்சில் பாய்ந்தது. மூன்றாவது நாய் காலில் குண்டு பட்டு ஊளையிட்டபடி புல்லுக்குள் ஓடியது.

ஓடட்டும் என்று விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. ரத்தத் தடத்தைப் பிடித்து முக்கால் மைல் நடந்தாள். ஒரு புதரடியில் காலை நக்கிக்கொண்டு கிடந்தது. கழுத்தில் யாரோ கட்டிய சிவப்புப் பட்டை. அவளைப் பார்த்ததும் வாலை மெல்ல ஆட்டியது.

"ஏன்டா வந்த?" என்றாள்.

பக்கத்தில் முழங்காலிட்டு, காதுக்குப் பின்னால் குழலை வைத்துச் சுட்டாள். தோள் விண்ணென்று வலித்தது. பிறகு எழுந்து, கன்று பால் குடிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.