விலை படியாத லேப்டாப்

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே, வரதனின் வீட்டு முன்னறையில், 2021ஆம் வருஷத்து ஆயுத பூஜைக்கு வைத்த லேப்டாப் இன்னும் பூஜையிலேயே இருக்கிறது. அதை யாராலும் எடுக்க முடியவில்லை. அது ஒன்றும் கனமான பொருள் அல்ல. வரதனின் மனைவி சோனியாவுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கல்யாணமாகித் திருவாலங்காட்டிலிருந்து வந்த அன்று அதை அவள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் இறங்கினாள். கூட வந்த பீரோவும் கட்டிலும் மிக்ஸியும் ஒரே மாதத்தில் வரதன் வீட்டுச் சாமான்கள் ஆகிவிட்டன. லேப்டாப் மட்டும் சோனியாவுடையதாகவே இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு விண்ணப்பமும் சாதிச் சான்றிதழ் விண்ணப்பமும் அதில்தான் போட்டுக் கொடுத்தாள். பேட்டரி உப்பிப்போய், வயரைச் செருகினால்தான் உயிர் வரும் என்றான பிறகும் அவள் அதை விடவில்லை.

வரதன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் ஃபிட்டர். கெட்டவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், யோசனை கொஞ்சம் கம்மி. பழைய எலெக்ட்ரானிக் சாமான்களை வாங்கி, அதே சிப்காட்டில் பிரித்து உருக்கும் கம்பெனிக்குப் போட்டுவரும் பழவேற்காட்டு ஹனீப் பாய் ஒருநாள் தெருவில் விசாரித்தபோது, "ஊட்ல ஒரு லேப்டாப்பு சும்மாதான் கெடக்குது. ஆயுத பூஜை முடிஞ்சதும் வந்து எடுத்துக்கினு போங்க பாய்" என்று சொல்லிவிட்டான். மனைவியிடம் சொல்லவில்லை. மறந்துபோனானா, சொல்லத் தேவையில்லை என்று நினைத்தானா என்பது அவனுக்கே தெரியாது.

பூஜையன்று சோனியா மணையைக் கழுவிக் கோலம் போட்டு, லேப்டாப்பைத் துடைத்து அதன்மேல் வைத்து, மூடியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் இட்டாள். வரதன் பக்கத்தில் தன் ஸ்பேனர் செட்டையும் பைக் சாவியையும் வைத்தான். சாயங்காலம் ஹனீப் பாய் எடைத் தராசோடு வாசலில் வந்து நின்றார். காலையிலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்து வந்த மனிதர், அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. சோனியா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "யாரக் கேட்டு குடுக்கறேன்னு சொன்ன?" என்றாள். "இதுல கேக்கறதுக்கு இன்னா கீது? ஓடாத பொருளு" என்றான் வரதன். அந்த வாயை அந்த நேரத்தில் அவன் மூடிக்கொண்டிருக்கலாம். பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது என்பதால் லேப்டாப்பை விட்டுவிட்டு, துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு, சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி மாறி அவள் அப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் கற்பூரம் காட்டி, பூஜையில் இருந்ததை வடக்கே கொஞ்சம் நகர்த்திவிட்டுத்தான் வேலைக்கு எடுப்பார்கள். வைத்தவர் கையால்தான் நகர்த்த வேண்டும் என்று அந்தத் தெருவில் ஒரு வழக்கம். வரதன் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் கற்பூரத்தைக் காட்டிவிட்டுக் கையை வைத்தான். ஸ்பேனர் வந்தது, சாவி வந்தது, லேப்டாப் வரவில்லை. மணை ஒட்டிக்கொண்டதோ என்று மணையை உருவினான். மணை சுலபமாக வந்துவிட்டது. லேப்டாப் மட்டும் தரைக்கு நாலு விரல் மேலே, இருந்த உயரத்திலேயே நின்றது. ஆலை நண்பர்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. ஒன்றரை டன் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி இழுத்தார்கள், கூரைக் கொக்கி பிடுங்கிக்கொண்டது. தடாவிலிருந்தும் சூளூர்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வந்து அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் நாஷ்டா சாப்பிட்டுப் போனார்கள். இளவட்டங்கள் உண்டியல் வைக்கப் பார்த்தார்கள், வரதன் துரத்திவிட்டான். ஒருநாள் தன் தங்கை நந்தினிக்குச் சோனியாவின் புடவையைக் கட்டி, வளையலையும் போட்டுத் தூக்கச் சொன்னான். லேப்டாப் ஏமாறவில்லை. "அண்ணிய போய் கூப்டாம என்ன போட்டு பேஜாரு பண்றியே" என்று நந்தினி புடவையை அவிழ்த்து எறிந்துவிட்டுப் போனாள்.

கூப்பிடாமல் இல்லை, இரண்டு தடவை போன் செய்தான். இரண்டு தடவையும், "நீ வந்து அத்த நகத்திட்டாவது போ" என்றான். இரண்டு தடவையும் அவள் போனை வைத்துவிட்டாள். உண்மையில் லேப்டாப் போனால் என்ன, இருந்தால் என்ன, அவனுக்கு வேண்டியது சோனியா. அவள் இல்லாமல் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்வதற்கு வெட்கமாக இருந்ததால் லேப்டாப்பைச் சொன்னான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. தெரு பழகிவிட்டது. வரதன் அதற்கடியிலும் துடைப்பத்தை விட்டுப் பெருக்கக் கற்றுக்கொண்டான்.

2023 டிசம்பர் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கட்டில் மிதந்தது, பீரோ சாய்ந்தது, மிக்ஸியைக் காணவில்லை. வெள்ளம் வடிந்தபின் வரதன் சேற்றை வழித்துக்கொண்டே வந்து லேப்டாப்பருகில் உட்கார்ந்தான். இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தும் சந்தனம் கரையவில்லை. குங்குமத்தில் சோனியாவின் விரல் ரேகை அப்படியே இருந்தது. வரதன் அழுதான். வாய்விட்டே அழுதான், பக்கத்து வீட்டில் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காட்டுக்குப் போனான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சோனியா யாருக்கோ பட்டா விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். "லேப்டாப்பு எடுக்கத்தான வந்துக்கீற?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். வரதன் கடைக்காரர் முன்னாலேயே சொன்னான். "அது அங்கியே இருக்கட்டும். உன் பொருள உன்னக் கேக்காம வெல பேசனது தப்பு. நீ இல்லாம என்னால முடியல சோனியா." அவள் விண்ணப்பத்தை முடித்து, அச்செடுத்து, காகிதத்தை வந்தவரிடம் கொடுத்தாள். "வரதா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும். நீ கெளம்பு" என்றாள். அவன் கிளம்பினான்.

பொங்கல் கழிந்து அவளாகவே வந்தாள். கேட்டருகில் இறங்கியதுமே சேதி பரவி, தெரு முழுக்க வாசலில் கூடிவிட்டது. ஹனீப் பாய் தராசோடு முன்வரிசையில் நின்றார். சோனியா கை கால் கழுவி, கற்பூரம் காட்டி, லேப்டாப்பை ஒற்றை விரலால் தள்ளினாள். அது வடக்கே ஒரு சாண் தூரம் வழுக்கிப் போனது. எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அதே விரலால் பழைய இடத்துக்கே இழுத்து நிறுத்தினாள். "அப்ப எடை போட்டுறலாமா தங்கச்சி?" என்றார் ஹனீப் பாய். "எவ்ளோ குடுப்பீங்க?" என்றாள். அவர் ஒரு விலை சொன்னார். "கட்டாது பாய்" என்று சொல்லிவிட்டு, மிக்ஸி எங்கே என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு ஹனீப் பாய் மாதாமாதம் வருகிறார். ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றுகிறார், ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கட்டுவதில்லை. இப்போது அவர் சொல்லும் விலைக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம். வியாபாரிக்கும் ஒரு ரோஷம் உண்டல்லவா. போன வருஷம் பிறந்த பெண் குழந்தை அந்த லேப்டாப்பில் கையை ஊன்றித்தான் எழுந்து நிற்கப் பழகுகிறது. வீட்டில் மற்றதெல்லாம் கை வைத்தால் சறுக்குகிறது.

சென்ற வாரம் டீக்கடையில் ஹனீப் பாய் வரதனை மடக்கினார். "நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லேம்ப்பா. ஊட்டு ஆம்பள நீ" என்றார். வரதன் கிளாஸைக் கீழே வைத்தான். "அது அவங்க பொருளு பாய். அவங்களத்தான் கேக்கணும்" என்றான். ஹனீப் பாய் வீட்டுக்குப் போய்க் கேட்டார். சோனியா கொடுக்கவில்லை.